காலடி மூட்டம்

போன மாதம் வித்துராவில் ஒரு கல்யாணம். ஆடிட்டோரியத்தின் மேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றும் நேரத்தில், அவர்கள் காலடியிலிருந்து வெள்ளை வெளேரென்று மூட்டம் கிளம்பியது. முழங்காலுக்கு மேலே ஏறாமல் மேடையெங்கும் பரவி, படிகளில் பால் வழிவதுபோல் கீழே இறங்கியது. மேகத்தின் மேல் நிற்பதுபோல் இரண்டு பேரும் நின்றார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, நான்கைந்து வாண்டுகள் அந்த மூட்டத்துக்குள் தவழ்ந்து ஒளிந்து விளையாட ஆரம்பித்தன. அதில் ஒன்றுக்கு இரண்டு வயதுகூட ஆகியிருக்காது. உட்கார்ந்தால் தலைவரை மூழ்கிவிடும் உயரம்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் முன்போல் மடங்குவதில்லை. ஆனாலும் அன்றைக்கு எப்படித்தான் எழுந்து போனேனோ தெரியவில்லை, அந்தக் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மற்றவர்களை விரட்டி வெளியே அழைத்து வந்தேன். யாரோ ஒரு கிழவர் பிள்ளைகளின் விளையாட்டைக் கெடுக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். குழந்தையின் தாய் மட்டும் ஓடிவந்து, "என்ன தாத்தா, என்னாச்சு?" என்று கேட்டாள். "ஒண்ணும் ஆகல மக்களே, கொஞ்ச நேரம் வாசல்ல காத்தாட நிக்கட்டும்" என்றேன். அந்தச் சத்தத்தில் அதற்குமேல் விளக்க முடியவில்லை. அவளுக்கு அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மூட்டத்துக்குக் காரணம் டிரை ஐஸ். பாடப்புத்தகத்தில் உலர் பனிக்கட்டி என்று போட்டிருப்பார்கள். நாம் மூச்சு விடும்போது வெளியே விடுகிறோமே அந்தக் கரியமில வாயு, அதை அழுத்தித் திரவமாக்கி, திறந்துவிட்டுப் பஞ்சு மாதிரி உறைய வைத்து, இறுக்கிப் பாளமாக அடித்தால் டிரை ஐஸ். குளிர்ச்சி மைனஸ் 78.5 டிகிரி. சாதாரண ஐஸ் உருகித் தண்ணீராகும். இது தண்ணீராகாது, நேராக வாயுவாகிப் போய்விடும். மேசையில் வைத்துவிட்டு மறுநாள் வந்து பார்த்தால் இருந்த இடத்தில் ஈரம்கூட இருக்காது. எங்கே போனது என்று கேட்டால், அந்த அறைக்குள்தான் போயிருக்கிறது. இந்த ஒரு பதிலைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பையனின் உயிர் போய்விடுமோ என்ற நிலை வர வேண்டியிருந்தது.

எண்பதுகளின் நடுவில் நெடுமங்காட்டில் நான் ஒரு பழைய மட்டடோர் வேன் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பூர்வீகம் நாஞ்சில் நாட்டுப் பக்கம். அப்பா பிழைப்புக்காக நெடுமங்காடு சந்தைக்கு வந்தவர். வாழைக்குலை, ரப்பர் ஷீட், கோயில் கொடைக்கு ஸ்பீக்கர் பெட்டி என்று எந்தச் சுமை வந்தாலும் ஏற்றுவேன். என்னோடு கிளீனராக ஒரு பையன் இருந்தான். பதினாறு பதினேழு வயது. போனக்காடு மலையில் தேயிலை கிள்ளும் ஒரு அக்காவின் ஒரே மகன். அவர்கள் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்கள். பையன் வாய் ஓயாமல் பேசுவான். தூக்கம் வந்தால் மட்டும் எந்த இடமானாலும் சுருண்டுவிடுவான்.

ஐப்பசி மாதம் ஒருநாள், பொன்முடியில் படப்பிடிப்பு நடத்திய ஒரு சினிமாக் கம்பெனிக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு ஐஸ்கிரீம் கிடங்கிலிருந்து அறுபது கிலோ டிரை ஐஸ் ஏற்றிக்கொண்டு மலைமேல் சேர்க்க வேண்டும். எனக்குப் புரியவே இல்லை. பொன்முடிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பனிமூட்டத்துக்குப் பஞ்சமே கிடையாது. கூப்பிடாமலே வந்து ஆளை மூடிவிடும். கேட்டபோது மேனேஜர் பொறுமையாகச் சொன்னார். "மலைமூட்டம் வந்தால் நாயகி முகமே தெரியாது, போனால் ஒன்றுமே இருக்காது. எங்களுக்குக் காலடியில் மட்டும் நிற்கிற மூட்டம் வேண்டும்." டிரை ஐஸை வெந்நீரில் போட்டால் பொங்கிவரும் வெண்புகை குளிர்ந்து கனத்துப்போய்த் தரையோடு கிடக்கும். அதற்காகத்தான் இத்தனை பாடு.

கிடங்கில் பாளங்களைத் தடித்த சாக்கு உறை போட்டுத் தூக்கினார்கள். நான் வீம்புக்கு ஒரு துண்டை வெறுங்கையில் எடுத்து உள்ளங்கையில் உருட்டிக் காட்டினேன். இரண்டு விரல் நுனி வெளுத்துப்போய், இரவு கொப்புளமாக எழும்பியது. சூடுபட்ட கொப்புளத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த வயதில் கை அப்படித்தான் முந்திக்கொண்டு போகும். கண்ட பிறகுதான் புத்தி வந்து சேரும்.

அவர்கள் தந்த தெர்மகோல் பெட்டியில் நாற்பது கிலோதான் கொண்டது. மிச்சம் இருபதைச் செய்தித்தாளில் சுற்றிச் சாக்கில் கட்டி வேனின் தரையில் போட்டோம். கிடங்கில் இருந்த பெரியவர் ஒருவர், "கண்ணாடியை இறக்கிவிட்டுப் போ" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவசரத்தில் கேட்காமல் விட்ட 'ஏன்'கள்தான் என் வாழ்க்கையில் எனக்கு அதிகச் செலவு வைத்தவை.

சுள்ளிமானூர், தொளிக்கோடு தாண்டும்வரை கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. வித்துரா வந்ததும் துலாவர்ஷம் பிடித்துக்கொண்டது. மாலை இடியோடு இறங்கும் அந்த மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், துளி ஒவ்வொன்றும் சரளைக்கல் போல் அறையும். கண்ணாடியை இறுக ஏற்றிவிட்டேன். பையன் பின்னால் போய் சாக்கு மூட்டைக்குப் பக்கத்திலேயே, சில்லென்று இருக்கிறதென்று, தரையில் படுத்துக்கொண்டான். கல்லாறு வந்தபோது சாலையின் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. அதைத் தாண்டினால்தான் பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் இரண்டு ஜீப்பும் ஒரு பஸ்ஸும் நின்றன. இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். தலை கனத்தது. மாடிப்படி ஏறினவன் மாதிரி மூச்சு இரைத்தது, நான் உட்கார்ந்தேதான் இருந்தேன். மத்தியானம் சாப்பிடாததால் வந்த அசதி என்று எண்ணிக்கொண்டேன். மரத்தை வெட்டியாயிற்றா பார்க்கலாம் என்று கதவைத் திறந்து இறங்கினேன். மழை முகத்தில் அடித்தது. நாலு மூச்சு இழுத்ததும், தலைக்குள் மூடியிருந்த ஏதோ ஒன்று விலகியது. அப்போதுதான் பின்னால் திரும்பி, "எலே, எந்திரி" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். பின்கதவைத் திறந்து காலைப் பிடித்து உலுக்கினேன். துணி மாதிரி கிடந்தான்.

அவனை எப்படி வெளியே இழுத்தேன் என்பது இன்றைக்கும் சரியாக நினைவில் இல்லை. சாலையோரத்தில் ஒரு சாயாக்கடை. கடைக்காரச் சேச்சி குடையைக்கூட எடுக்காமல் ஓடிவந்தார். பையன் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "வண்டியில் கரி வச்சிட்டுண்டோ மோனே?" என்று கேட்டார். கரியடுப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்கியவர்களின் கதை அவருக்குத் தெரிந்திருக்கிறது. "கரியில்லை சேச்சி, ஐஸ்" என்றேன். அந்தப் பதில் எனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது. பையனைக் கடைக்குள் தூக்கிப்போக நான் முயன்றபோது அவர் விடவில்லை. "அகத்து வேண்டா" என்று தடுத்து, இறவாரத்தின் கீழே பலகையில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டார். மழைச்சாரல் அவன் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. சிறிது நேரத்தில் இருமினான், பெரிதாக ஒரு மூச்சு இழுத்தான், பிறகு வாந்தி எடுத்தான். வாந்தியைப் பார்த்து ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கடையில் கிணறு வெட்டும் மூப்பர் ஒருவர் கட்டன் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் அடங்கிய பிறகு அவர் எழுந்து வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தார். சாக்கைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு கடையிலிருந்து ஒரு மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வாங்கி, பின்கதவு வழியாக மெல்லத் தரையோடு உள்ளே நகர்த்தினார். சுடர் சுருங்கி, நீலமாகி, ஊதியதுபோல் அணைந்தது. விளக்கை வெளியே எடுத்து மறுபடி ஏற்றி, இந்தத் தடவை சீட்டு உயரத்தில் பிடித்தார். சுடர் மங்கியது, ஆனால் நின்றது.

"கண்டியா?" என்றார். "பழைய கிணத்துக்குள்ள நாங்க சும்மா எறங்க மாட்டோம். கயித்துல விளக்கைக் கட்டி எறக்கிப் பாப்போம். அணைஞ்சா அன்னைக்கு வேலை இல்ல. இலைக்கொப்பு கட்டி மேலயும் கீழயும் இழுத்துக் காத்தைக் கலக்குவோம். கெட்ட காத்து கனம். அடியிலதான் கெடக்கும். உன் வண்டியும் ஒரு கிணறுதான்."

பள்ளிக்கூடத்தில் நான் பத்தாவது வரைக்கும் படித்தேன். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது என்று அங்கேயும் எழுதித்தான் போட்டார்கள். ஒன்றரை மடங்கு கனம் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பேன். அது என் வேனின் தரையில், ஒரு தாய் நம்பி அனுப்பிய பிள்ளையின் மூக்குக்கு நேரே கிடக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மூப்பர் ஒரு விளக்கை வைத்துச் சொல்லித் தந்தார்.

பிற்காலத்தில் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிரை ஐஸ் ஒரு கிலோ கரைந்தால் ஐந்நூறு லிட்டருக்கு மேல் வாயு கிளம்பும். சாக்கில் சுற்றியது பெட்டியில் வைத்ததைவிட வேகமாகக் கரையும். அன்றைக்கு இரண்டு கிலோ கரைந்திருந்தாலே ஆயிரம் லிட்டர். வேனுக்குள் மொத்தக் காற்றே ஏழெட்டாயிரம் லிட்டர்தான் தேறும். நாம் சுவாசிக்கும் காற்றில் கரியமில வாயு நூற்றில் 0.04 பங்குதான். அது நான்கு பங்கானாலே ஆபத்து என்கிறார்கள், பத்துப் பங்கானால் சில நிமிடத்தில் நினைவு தப்பும். எனக்கு இரைத்த மூச்சு அசதியால் அல்ல. உடம்பு தன்னால் முடிந்தவரை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் காது கொடுக்கவில்லை.

மரத்தை வெட்டி ஒதுக்கிய பிறகு, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, பையனை முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார வைத்து, மழையில் தொப்பலாக நனைந்தபடி 22 வளைவும் ஏறினோம். சேச்சி சாயாவுக்குக் காசு வாங்கவில்லை. "போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னார். படப்பிடிப்பு நடந்தது. காலடியில் மூட்டம் அழகாகத்தான் வந்தது. அங்கே ஒரு இளைஞன் விளையாட்டாக ஒரு துண்டை சோடா பாட்டிலில் போட்டு இறுக்கி மூட, சிறிது நேரத்தில் அது வெடித்துச் சில்லு ஒன்று மரப்பலகையில் போய்க் குத்தி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஒரே நாளில் ஒரே பாடத்தை எனக்கு இரண்டு தடவை சொன்ன மாதிரி இருந்தது.

இறங்கும் வழியில் பையன் என்னிடம் கெஞ்சினான். "அண்ணாச்சி, அம்மைகிட்ட சொல்லிராதீங்க. பெறவு வேலைக்கு விடமாட்டா." நானும் சரி என்றேன். அவனுக்காகச் சரி என்றதாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்காகத்தான். அந்த அக்காவின் முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடியாது என்பதுதான் விஷயம்.

மூன்று மாதம் சொல்லவில்லை. அந்த மூன்று மாதமும் வண்டி ஓட்டும்போதெல்லாம் அந்தப் பாட்டில் ஞாபகம்தான். ராத்திரி திடுக்கென்று விழிப்பேன். பையனை அதட்டிப் பேச வாய் வராது. அவனுக்கே அது சங்கடமாக இருந்திருக்கும். பொங்கலுக்குக் கரும்பும் ஒரு சேலையும் வாங்கிக்கொண்டு போனக்காட்டு லயத்துக்குப் போனேன். அக்கா பாய் விரித்து உட்காரச் சொல்லி, தேயிலை போட்டுக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பேச்சு எழவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கிடங்குப் பெரியவர் கண்ணாடியை இறக்கச் சொன்னதையும் நான் ஏன் என்று கேட்காததையும் மழைக்கு ஏற்றிவிட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்குத் தெரியும் தம்பி" என்றார். மறுவாரமே தெரிந்துவிட்டதாம். கல்லாறு சாயாக்கடையில் நடந்தது பஸ் கண்டக்டர் வழியாக மலைக்கு வராமல் இருக்குமா? "நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன்க்கா பையனை என்கூட விட்டு வச்சீங்க?"

"பெறவு யாரு கூட விட? நீ ஒருக்கா பயந்தவன், இனி கண்ணாடியை ஏத்த மாட்டே. புதுசா ஒருத்தன்கிட்ட விட்டா அவன் எம் புள்ளைய வச்சுல்லா முதல்ல இருந்து படிக்கணும்?"

எழுதப்படிக்கத் தெரியாத அந்த மனுஷி சொன்னதுபோல ஒரு பேச்சை நான் அதற்குப் பிறகு எங்கும் கேட்கவில்லை. மூன்று மாதம் ஒரு தாய் தன் பயத்தை அடக்கிக்கொண்டு, நானாகத் திறக்கக் காத்திருந்திருக்கிறார். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்துப் பரிமாறினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் பார்க்கிறார் என்பதற்காகச் சாப்பிட்டேன்.

அந்தப் பயணம் என்னை டிரை ஐஸ்காரனாகவே ஆக்கிவிட்டது. பயந்து ஒதுங்கியிருக்கலாம். ஆனால் இதை எப்படி ஏற்றுவது என்று தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்தில் குறைவு. தெரிந்துகொண்ட பிறகு, தெரியாத இன்னொருவன் கையில் அதை விட மனம் வரவில்லை. கல்யாண வீடுகளுக்கு ஐஸ்கிரீம் போகும்போது பெட்டிக்குள் பாளம் வைத்து நானே கொண்டுபோவேன். கரண்டு போன கடைகளின் ஃப்ரீசருக்குள் ஒரு நாள் தாங்கும்படி வைத்துக் கொடுப்பேன். ஆஸ்பத்திரிச் சாம்பிள்கள், ஆராய்ச்சிக்கூடங்களுக்கு வரும் நொதிகள் எல்லாம் இதோடுதான் பயணம் செய்தன. 2008-இல் தொடங்கிய ஐசர் என்ற ஆராய்ச்சி நிறுவனம் பிறகு எங்கள் வித்துராவிலேயே வளாகம் கட்டிக்கொண்டது. அதுபோன்ற இடங்களுக்கு விமானத்தில் வரும் பெட்டிகளில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சாய்சதுரச் சீட்டு ஒட்டியிருக்கும், கீழே 9 என்று எண். பக்கத்தில் யு.என். 1845 என்று எழுதியிருக்கும். டிரை ஐஸ் உள்ளே இருக்கிறது என்று உலகம் முழுக்க அதற்கு ஒரே அடையாளம். அந்தப் பெட்டியை ஒருபோதும் காற்றுப் புகாமல் அடைக்க மாட்டார்கள். வாயு வெளியேற வழி விட்டுத்தான் கட்டுவார்கள். விமானத்தில் இவ்வளவுதான் ஏற்றலாம் என்று அளவும் உண்டு.

இந்தப் பொருளை முதலில் கண்டவர் பிரான்சுக்காரர் திலோரியே. 1835-இல் திரவக் கரியமில வாயு இருந்த உருளையைத் திறந்தபோது வெண்மையாக ஏதோ உறைந்து நிற்பதைப் பார்த்து எழுதிவைத்தார். அதற்குப் பிறகு தொண்ணூறு வருஷம் அது ஆய்வுக்கூடத்து வேடிக்கையாகவே கிடந்தது. 1920-களில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி அதைப் பாளமாக அடித்து விற்கத் தொடங்கி, 'டிரை ஐஸ்' என்று பெயர் வைத்தது. ஐஸ்கிரீம் ரயிலேறியது. 1946-இல் ஷேஃபர் என்ற ஆராய்ச்சியாளர் விமானத்திலிருந்து டிரை ஐஸ் தூளை மேகத்தில் தூவிப் பனி பொழிய வைத்தார். செயற்கை மழை முயற்சிகள் அங்கிருந்துதான் கிளம்பின. இப்போது அரிசி மாதிரி பொடித்த டிரை ஐஸைக் காற்றோடு பீய்ச்சி இயந்திரங்களின் அழுக்கை உரிக்கிறார்கள். தண்ணீர் ஊற்றினால் கெட்டுப்போகும் இடங்களுக்கு அது நல்லது. சுத்தம் செய்த பிறகு துடைக்க ஒன்றும் மிஞ்சாது, உரிந்த அழுக்கைத் தவிர. கொசு ஆராய்ச்சி செய்பவர்கள் பொறிக்குப் பக்கத்தில் ஒரு துண்டைத் தொங்கவிடுகிறார்கள். மனித மூச்சென்று நினைத்துக் கொசு வந்து மாட்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இதற்கான வாயு பெரும்பாலும் உர ஆலைகளிலும் சாராய ஆலைகளிலும் வீணாகப் போகக்கூடியது. அதைப் பிடித்துச் சுத்தப்படுத்தித்தான் பாளமாக்குகிறார்கள்.

கொரோனா சமயத்தில் ஃபைசர் தடுப்பூசியை மைனஸ் 70 டிகிரியில் வைக்க வேண்டியிருந்தது. வெளிநாடுகளில் அது டிரை ஐஸ் பெட்டிகளில்தான் ஊர் ஊராகப் போனது. நம் நாட்டில் போட்ட கோவிஷீல்டுக்கும் கோவாக்சினுக்கும் 2 முதல் 8 டிகிரி போதும், சாதாரண ஐஸ் பையிலேயே போய்ச் சேர்ந்தன. மலைக்கு மேலே காணிக்காரர்களின் குடிகள் வரைக்கும் இந்தச் சாதாரணக் குளிர்ச்சி போய்விடும் என்று அப்போது எனக்கு மனதுக்குள் பெரிய நிம்மதி. எந்தப் பொருளை வைத்து நான் பிழைத்தேனோ அது தேவைப்படாமல் போனதில் சந்தோஷப்பட்ட ஒரே தடவை அதுதான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட முடியாது. 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு பிறந்தநாள் விருந்தில், மூட்டம் அழகாக வரட்டும் என்று உள்ளறை நீச்சல்குளத்தில் மூட்டை மூட்டையாக டிரை ஐஸைக் கொட்டினார்கள். மூன்று பேர் இறந்தார்கள். 2024 மார்ச்சில் குருகிராமில் ஒரு உணவகத்தில் சாப்பிட்ட ஐந்து பேருக்கு, வாய் மணக்கப் போட்டுக்கொள்ளும் பொருள் என்று டிரை ஐஸைக் கொடுத்துவிட்டார்கள். வாயிலிருந்து ரத்தம் வர ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அதே வருஷம் சத்தீஸ்கரில் ஒரு கல்யாண வீட்டில் மூன்று வயதுக் குழந்தை அதை ஐஸ்கட்டி என்று எடுத்துத் தின்றுவிட்டது, பிழைக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். குழந்தைக்கு ஐஸ் என்றால் ஐஸ்தான். வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாம்.

நான் ஏற்றிக்கொடுக்கும் வீடுகளில் ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். வெறுங்கையால் தொடாதீர்கள், தடித்த கையுறையோ மடித்த துணியோ போடுங்கள். மூடி இறுகும் எதிலும் அடைக்காதீர்கள். மிஞ்சியதைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விடாதீர்கள், முற்றத்தில் பிள்ளைகள் வராத இடத்தில் வைத்தால் தானே போய்விடும். மேடையில் போட்டால் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புகை வெறும் நீர்த்துளிதான், அதனால் ஒன்றும் இல்லை. அதற்குள் ஒளிந்து வருவதுதான் மூச்சை அடைக்கும். அதற்கு நிறமும் கிடையாது, புகைபோல் நெடியும் கிடையாது. சிலர் சலித்துக்கொள்வார்கள். பரவாயில்லை என்று மறுபடி சொல்வேன். கிடங்குப் பெரியவர் ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் காரணம் சொல்லாமல் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு பொருளைக் கையில் கொடுக்கும்போது காரணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

பையன் ஆறு வருஷம் என்னோடு இருந்தான். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டான். பிறகு ஷார்ஜாவுக்குப் போனான். மாதாமாதம் அம்மாவுக்குப் பணம் அனுப்பினான். கீழே வந்து தங்கும்படி எத்தனையோ தடவை கூப்பிட்டும் அக்கா லயத்தை விட்டு இறங்கவில்லை.

அவர் இறந்தது ஒரு கர்க்கடக மாதத்தில். அப்போது குளிர்பெட்டி வசதியெல்லாம் மலைக்கு வரவில்லை. மகன் வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். லயத்திலிருந்து ஆள் வந்து என்னிடம் சொன்னபோது, நான் வேறு எதுவும் யோசிக்காமல் பெட்டியை வேனில் ஏற்றினேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பெய்கிற மழையில், குண்டும் குழியுமான அந்த மலைப்பாதையில் போய்ச் சேர்ந்தேன்.

பத்துக்குப் பத்து அறை. நிறையப் பெண்கள், சுவரோரம் குழந்தைகள். சாரலும் மூட்டமும் உள்ளே வருகிறதென்று ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள், கதவும் சாத்தியிருந்தது. துணியில் சுற்றிய துண்டுகளை அக்காவின் பக்கத்தில் வைப்பதற்கு முன்னால் நான் கதவைத் திறந்தேன். குளிருது என்றார்கள். தலைமாட்டு விளக்கு அணைந்துவிடும் என்றார்கள். விளக்கு அணைவது அபசகுனம் என்று ஒரு பாட்டி கோபித்துக்கொண்டார். "அணையக் கூடாதுன்னுதான் பாட்டி திறக்கிறேன்" என்றேன். குழந்தைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். விளக்கை மேடைப் பலகையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, காற்று அடிக்காமல் பழைய பிஸ்கட் டின்னை வெட்டி மறைப்பு வைத்தேன். மழை வேகமாகிவிட்டால் ஜன்னலை யாரும் திறக்க விடமாட்டார்கள் என்று தெரியும். அதனால் கதவுப்பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்தச் சுடரையே இரண்டு ராத்திரி பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லாற்று மூப்பரை நினைத்துக்கொண்டேன். அவரும் அதற்குள் போய்விட்டிருந்தார். ஜப்பானில் சவப்பெட்டிக்குள் வைத்த டிரை ஐஸால், குனிந்து அழுதவர்கள் இறந்துபோனார்கள் என்று 2023-இல் அந்த நாட்டு அரசு எச்சரிக்கை விட்டதைச் செய்தியில் படித்தபோது எனக்கு அந்த அறைதான் கண்முன் வந்தது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு எழுந்து ஜன்னலைத் திறக்கத் தோன்றாது. பக்கத்தில் இருக்கிற ஒருவர்தான் அதைச் செய்ய வேண்டும்.

மூன்றாம் நாள் விடியும் நேரத்தில் ஜீப் வந்தது. அவன் இறங்கி வந்தான். முப்பது தாண்டிய ஆள், தொப்பை போட்டிருந்தான். நடை மட்டும் பழைய நடை. பெண்கள் ஓவென்று எழுந்தார்கள். வாசலில் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி" என்றான், அதற்குமேல் குரல் வரவில்லை. உள்ளே போனவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான், பக்கத்தில் துணிப் பொதிகளைப் பார்த்தான், தரையில் எரியும் விளக்கைப் பார்த்தான். அழுவதற்கு முன்னால் நேராக ஜன்னலுக்குப் போய், அடைத்திருந்த சாக்கைப் பிடுங்கி வெளியே எறிந்தான்.

பிறகுதான் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தான். மலையிலிருந்து மூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் எழுந்து முற்றத்துக்கு வந்தேன்.